முப்பதில் இருபத்தெட்டு

அன்புள்ள குமாருக்கு, அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். பெரியத்தை பேரனுக்குக் காது குத்தியாயிற்று. கூழ் வற்றல் போட ஆரம்பித்துவிட்டேன். உனக்குப் பிடித்த ஓமம் போட்டதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

முந்தாநாள் இரவு 2.40க்கு நீ அனுப்பிய செய்தியைக் காலையில்தான் பார்த்தேன். மூன்று மணி நேரத் தூக்கமே போதுமாக இருக்கிறது, உடம்பு காற்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். மனம் அளவுமீறிப் பொங்கும் உன் நோய் இப்படித் தூக்கம் குறைந்துதானே தொடங்கும்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் நிறையக் குடி. உப்பைத் திடீரென்று குறைக்காதே. உடம்பில் தண்ணீரும் உப்பும் வற்றினால் அந்த லித்தியம் மாத்திரை ரத்தத்தில் ஏறிவிடும் என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கும். நேரத்துக்குத் தூங்கு.

பொங்கலுக்கு வந்தபோது உன் ஜன்னல் மேடையைத் துடைத்தேன். புட்டிகளை உயரவாரியாக அடுக்கியிருந்தாய். மீன் எண்ணெய், மக்னீசியம், வைட்டமின் டி, அமுக்கரா என்கிற அஸ்வகந்தா. ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். மீன் எண்ணெயில் ஈ.பி.ஏ. என்ற கொழுப்புச் சத்து அதிகம் உள்ளதுதான் மனச்சோர்வுக்கு உதவும் என்று எனக்கு வகுப்பு எடுத்தாயே, எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? முட்டைகூட நுழையாத வீட்டில் வாழ்ந்தவள் நான். அந்தப் புட்டிக்கு முகம் சுளிக்கவில்லை. பி12 குறைவு என்று தெரிந்து ஊசி போட்ட பிறகு உன் கால் மரப்பும் அசதியும் விலகியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சத்து மாத்திரைக்கு நான் எதிரி இல்லை. அமுக்கராவை மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடாதே. அது தைராய்டைத் தூண்டக்கூடியது. உனக்கோ தைராய்டைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

இயற்கையானது போதும் என்கிறாய். லித்தியமும் பூமியிலிருந்து எடுக்கிற உப்புதானே? 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் அது இந்த நோயைத் தணிப்பதைக் கண்டு எழுதினார் என்று எனக்குக் கதை சொன்னவனே நீதான். இவ்வளவு படித்தும் உனக்கு ஏன் இந்தப் பிடிவாதம்?

நான் மேஜை இழுப்பறையையும் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது. மூன்று அட்டை, 3ஆம் தேதி பில். நான் பார்த்தது 19ஆம் தேதி. தினமும் இரண்டு என்றால் தீர்ந்துபோயிருக்க வேண்டும். முப்பதில் இருபத்தெட்டு அப்படியே இருந்தன. இரண்டு முறை எண்ணினேன். ஒன்றும் பேசாமல் மூடிவிட்டு உனக்குக் காபி போட்டேன். நீ காபியைக் குடித்துக்கொண்டே, "ஒழுங்காகப் போட்டபோதே அந்த ஆடியில் என்னைக் காப்பாற்றாத மாத்திரை அம்மா அது" என்றாய். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

குமார், அந்த ஆடியில் நீ மாத்திரையே போடவில்லை.

சித்திரையிலிருந்தே நான் மாற்றி வைத்தேன். சிறுநீரகம் கெட்டுவிடும், நாளைக்குப் பெண் யார் கொடுப்பார்கள் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நீயும் அப்போது தெளிவாக இருந்தாய். எலும்புக்கு என்று எனக்குக் கொடுத்திருந்த கால்சியம் மாத்திரையும் வெள்ளைதான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உன் உள்ளங்கையில் அதைத்தான் வைத்தேன், காலையில் வல்லாரை நெய் கொடுத்தேன். ரத்தப் பரிசோதனைக்குப் போகவிடாமல் ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் சொன்னதும் நான்தான். மூன்றே மாதம். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வாசலில் அப்பா, "மாத்திரையைத் துப்பினாயா?" என்று உன்னை அடித்தார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் கண்மூடும்வரை அவரிடமும் சொல்லவில்லை.

அந்த மருந்து உன்னைக் கைவிடவில்லை. நான் அதை உன்னிடமிருந்து எடுத்தேன். அது தெரியாமல் நீ அதை வேண்டாம் என்கிறாய். சத்து மாத்திரையை மருந்தின் இடத்தில் வைத்தவள் நான். இப்போது அதையே நீ செய்யும்போது உன்னை எந்த முகத்தோடு தடுப்பேன்? ஆனாலும் தடுக்கிறேன்.

விட்ட மாத்திரையை நீயாகவே மறுபடி தொடங்கிவிடாதே. இந்தக் கடிதம் கிடைத்தவுடன் டாக்டருக்குப் போன் செய். தூக்கம் குறைந்ததைச் சொல். மீன் எண்ணெய் எது, மற்றது எது, எவ்வளவு என்று எல்லாவற்றையும் சொல். எதைத் தொடரலாம் என்று அவரே சொல்லட்டும். புட்டிகளை ஒரு பையில் போட்டு வை, சனிக்கிழமை நாம் இருவரும் போவோம். கால்சியம் கதையை அவரிடம் நானே சொல்கிறேன்.

வெள்ளி இரவு பஸ்ஸில் கிளம்புகிறேன். விடியற்காலை மடிவாளாவில் இறங்கி ஆட்டோ பிடித்துக்கொள்வேன். நீ எதிரே வந்து நிற்க வேண்டாம். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்துவிட்டுத் தூங்கு.

இப்படிக்கு,
அம்மா