வாய்க்கால் திருத்தப் பணி நிறைவு: அங்கத்தவர்களுக்கு நிருவாக சபையின் அறிக்கை

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பு உன்னிச்சைக் குளத்து நீரில் வேளாண்மை செய்யும் நமது வட்டையின் (வயற்பரப்பின்) வாய்க்கால் வேலை முடிந்துவிட்டது. வரவுசெலவுக் கணக்கு பற்றுச்சீட்டுகளோடு பொருளாளரிடம் இருக்கிறது. அறிவித்தல் பலகையிலும் ஒரு பிரதி ஒட்டியிருக்கிறோம். யாரும் பார்க்கலாம், கேட்கலாம். என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

முதற்கூட்டத்தில் பலர் கேட்டது கொங்கிறீற்று வாய்க்கால். கட்டினால் தண்ணீர் மண்ணில் ஊறிப்போகாது என்பது சரிதான். ஆனால் சேர்ந்த காசுக்கு ஒரு துண்டுதான் கட்ட முடியும், அந்தத் துண்டு யார் வயலுக்கு முன்னால் என்று சண்டை வேறு வரும். ஆகவே தண்ணீரைக் குடிக்கும் மணல் வளைவை மட்டும் கட்டிவிட்டு, மீதிக் காசைத் தண்ணீர் பிரியும் பெட்டிகளைத் திருத்தச் செலவழித்தோம். சிலருக்கு இதில் இன்னும் மனக்குறை உண்டு. தெரியும்.

மேல் பெட்டியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தளம் ஒருபக்கம் இறங்கி, வலது வாய் தாழ்ந்து கிடந்தது. வாய்க்கால் நிரம்பி ஓடுகையில் இந்தக் குறை தெரியாது. மழை குறைந்த சிறுபோகத்தில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கினால் பெரும்பகுதி வலப்பக்கமே சாய்ந்துவிடும். இடப்பக்கத்தார் இரவில் வந்து வாழைக்குற்றியும் மண்மூட்டையும் வைத்து அடைப்பார்கள். விடியுமுன் மற்றப் பக்கத்தார் பிடுங்கி எறிவார்கள். தண்ணீர்க் களவு என்று நாம் இத்தனை காலம் பேசியதில் பாதி, மட்டம் பிழைத்த சீமெந்துத் தளத்தின் வேலை. இப்போது தளத்தை உடைத்து, குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பிடித்து, இரண்டு வாயையும் ஒரே உயரத்தில் கட்டியிருக்கிறோம். அகலம் மட்டும் அந்தந்தப் பக்கத்து ஏக்கர் அளவுக்கு ஏற்றபடி. உட்சுவரில் வெள்ளை பூசி, அங்குலத்துக்கு ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. குளத்துத் துருசு (மதகு) திறக்கும் நாளில் எந்தக் கோட்டில் தண்ணீர் நிற்கிறது என்று வரம்பில் நின்றே பார்க்கலாம்.

இந்தக் கோடு ஒரு விளையாட்டு என்று சொன்னவர்களுக்கு ஒரு கணக்கு. ஓர் ஏக்கர் வயலில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் அது ஒரு இலட்சம் லீற்றருக்குச் சற்று மேல். வரம்பில் தண்ணீர் போக வெட்டிய வக்கடையைக் கட்டாமல் ஓர் இரவு விட்டவர் எவ்வளவு தண்ணீரைக் காட்டு ஓடைக்குக் கொடுத்தார் என்பதை அவரே பெருக்கிப் பார்க்கட்டும்.

அப்புறம், முறைத்தண்ணீர், அதாவது பக்கம் பக்கமாக முறை வைத்துத் தண்ணீர் விடுவது. குளத்தில் நீர் குறைந்தால் எல்லா வாயையும் மெல்லியதாகத் திறந்து வைப்பதில் பலனில்லை. ஓட்டம் கடைப்பக்க வயலுக்குப் போய்ச் சேருமுன்னரே வற்றிவிடும். ஆகவே முதல் மூன்று நாள் கடைப்பக்கம், அடுத்த மூன்று நாள் மேற்பக்கம், ஒரு நாள் வாய்க்கால் ஓய்வு என்று சபை தீர்மானித்திருக்கிறது. கதிர் உள்ளே திரளும் குடலைப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் நிற்கும் வயலுக்கு முறையை முன்பின் மாற்றும் அதிகாரம் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாருக்கு உண்டு. கதவுப் பூட்டின் திறப்பு ஒன்று அவரிடம், மற்றது கடைப்பக்கத்தார் தெரிவு செய்தவரிடம். மேற்பக்கத்தார் இதற்கு முகம் சுளித்தார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டதற்கு நன்றி.

இது நடக்காத காரியம் அல்ல. பக்கத்தில் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் 1981 சிறுபோகத்தில் இங்கினியாகலை நீர்த்தேக்கம் மிகக் குறைந்திருந்தபோது, விவசாயிகள் தாங்களே வாய்க்கால் துப்புரவாக்கி, முறை வைத்து, மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். 1997இல் அங்கே 15,000 ஏக்கருக்குத்தான் தண்ணீர் காணும் என்று சொல்லப்பட்டது; 65,000 ஏக்கரும் செய்து அறுவடை எடுத்தார்கள். மேலே சிங்களவர், கடைப்பக்கத்தில் தமிழர். யுத்த காலம் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

குடிநீர் பற்றியும் சொல்லியாக வேண்டும். உன்னிச்சைத் தண்ணீர் வவுணதீவில் சுத்திகரித்து மட்டக்களப்பு நகருக்குப் போகிறது. வரட்சியில் அதற்கு ஒதுக்கியதில் கைவைக்க முடியாது, கேட்கவும் மாட்டோம். “நம்மட தண்ணிய டவுனுக்கு அனுப்புறாங்க” என்று கூட்டத்தில் சத்தம் போட்டவரின் மகள் நகரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள் என்று பக்கத்திலிருந்த பெரியவர் சொல்ல, சபையே சிரித்தது. நீர் குறைந்த போகத்தில் மூன்றரை மாத நெல்லை விட்டு, மூன்று மாத பீ.ஜீ 300 அல்லது இரண்டரை மாத பீ.ஜீ 250 விதைப்பதுதான் நம் கையில் உள்ளது. விளைச்சல் சற்றுக் குறையலாம். கடைசித் தண்ணீருக்குக் காத்துக் கருகுவதிலும் பார்க்க அது மேல்.

சிரமதானத்துக்கு வந்தவர்களுக்கும், வர முடியாமல் உழவு இயந்திரம் அனுப்பியவர்களுக்கும், சமைத்துப் போட்ட மாதர்களுக்கும் நன்றி. நகரில் இருந்துகொண்டு காணியைக் குத்தகைக்கு விட்டவர்கள் சிலரின் ஏக்கர்ப் பணம் இன்னும் வரவில்லை. பெயர்களை இம்முறை போடவில்லை. பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு முன் கட்டாவிட்டால் பலகையில் போடுவோம். கீழ்ப்பெட்டியின் கதவுக்கு மசகு பூச வேண்டியிருக்கிறது. மண்வெட்டியோடு வருபவர்கள் ஒரு பழைய துணியும் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
நிருவாக சபை