ஆலை கைமாறியது, பாக்கி காணாமல் போனது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நொடித்த கம்பெனிகளை வாங்கித் தூக்கி நிறுத்தும் முதலீட்டாளர்களைப் பாராட்டி உங்கள் வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். வங்கிக்கு எவ்வளவு திரும்பியது, வாங்கியவருக்கு எவ்வளவு லாபம் என்றெல்லாம் இருந்தது. சரக்கைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தவனைப் பற்றி ஒரு வரி இல்லை. நான் அந்த ரகம். திருவையாறு பக்கம் கரும்பு போட்டவன்.

நாங்கள் பதிவு செய்திருந்த தனியார் ஆலை கடனில் மூழ்கியது. 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு இறக்கிய 14 நாளில் பணம் வர வேண்டும். தாமதமானால் 15 சதவீத வட்டி. ஆணை இன்னும் இருக்கிறது, பணம்தான் இரண்டு பருவமாக வரவில்லை. வெட்டுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் கைக்காசு. அப்புறம் திவால் வழக்கு. பாக்கியைக் கேட்டு எழுதித் தரும் 'படிவம் பி'யுடன் எடைச்சீட்டுகளை இணைக்கச் சொன்னார்கள். கார்பன் எழுத்து மங்கி, டன் கணக்கே தெரியாத சீட்டுகளைக் கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் வெயிலில் தூக்கிப் பிடித்துப் படித்தோம்.

எங்கள் இடம் எதுவென்று அதற்குப் பிறகுதான் புரிந்தது. வாங்க வருபவரின் திட்டத்தை ஏற்பதா என்று முடிவு செய்யும் கடன் கொடுத்தோர் குழுவில் வங்கி, நிதி நிறுவனங்களுக்குத்தான் ஓட்டு. கம்பெனியை விற்ற பணம் யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்று சொல்லும் 2016 திவால் சட்டத்தின் 53-ஆம் பிரிவில், தொழிலாளர்களின் 24 மாதச் சம்பளப் பாக்கி அடமானக் கடன் கொடுத்த வங்கிக்குச் சமமாக நிற்கிறது. நியாயம்தான். கரும்புப் பாக்கியோ அரசு வரிக்கும் கீழே, 'மீதிக் கடன்கள்' என்ற இனத்தில். ஆலையைக் கலைத்து விற்றால் அந்த இனத்துக்கு என்ன வருமோ, வாங்குபவர் எங்களுக்கு அதைத் தந்தால் போதுமாம். வங்கிக் கடனே அடையாத இடத்தில் அது பூஜ்யம். ஒரு பைசா தராவிட்டாலும் சட்டப்படி சரி!

டிவி தயாரித்த வீடியோகான் கம்பெனி நொடித்தபோது, 64,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட பாக்கிக்கு 3,000 கோடிக்கும் குறைவாகத் தரும் திட்டம் 2021-இல் ஒப்புதல் பெற்றது. மறு ஆண்டே மேல்முறையீட்டில் ரத்தானது. அங்கே எதிர்த்துப் போக வங்கியே இருந்தது. எங்களுக்கு யார் இருக்கிறார்கள்?

வாங்குபவர் எல்லாரையும் குறை சொல்லவில்லை. மூடிய ஆலை ஓடினால் முதலில் சந்தோஷப்படுவது நாங்கள்தான். ஆனால் எங்கள் ஆலையை வாங்கியவருக்கு அரவையில் நாட்டமே இல்லை. கொதிகலன் குழாய்களை வெட்டி ஏற்றிய லாரிகள், எங்கள் கரும்பு டிராக்டர்கள் வரிசையில் நின்ற அதே எடைமேடையில் எடை போட்டுப் போயின. அந்தச் சரக்குக்கு மட்டும் உடனே ரொக்கம். எங்களுக்குப் பாக்கியில் கால்வாசிகூட இல்லை. அதற்கே 'இனி ஒன்றும் பாக்கியில்லை' என்று கையெழுத்து வாங்கினார்கள்.

வங்கி கணக்குப் பார்த்து, வட்டி பேசி, அடமானம் வாங்கிக் கடன் கொடுக்கிறது. கடன் கொடுப்பதாக நாங்கள் யாரும் முடிவு செய்யவில்லை. வெட்டிய கரும்பை வீட்டில் வைத்திருக்க முடியாது, நாள் போகப் போக எடை இறங்கும். ஓர் ஆலைக்கென்று பதிந்த கரும்பை வேறு ஆலைக்கு ஓட்டினால் அதற்கும் வம்பு. அதனால் 53-ஆம் பிரிவில் கரும்புப் பாக்கியையும் தொழிலாளர் சம்பளத்தோடு சேர்த்து வைக்க வேண்டும். டெல்டா எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் மக்களவையில் இந்தத் திருத்தத்தைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி,
திருவையாறு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.