காலர் கட்டினால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடித்து, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் விடப்பட்ட அரிக்கொம்பன் யானைக்குப் பிறகு, இருப்பிடம் அறிய யானையின் கழுத்தில் கட்டும் பட்டையான 'ரேடியோ காலர்' எல்லோருக்கும் பழகிய சொல்லாகிவிட்டது. ஆனால் சிக்னல் ஏன் நிற்கிறது என்று யாரும் விளக்குவதில்லை.

ஜிபிஎஸ் பெட்டி யானையின் பிடரிமேல் வானம் பார்த்து இருக்க வேண்டும். அதற்காகவே கழுத்துக்கு அடியில் எதிர் எடை தொங்குகிறது. அது குறைந்தால் பட்டை சுழன்று பெட்டி சரியும், இருப்பிடம் பதிவாகாது. அடர்ந்த சோலையும் ஆழமான பள்ளத்தாக்கும் இதே வேலையைச் செய்யும். மணிக்கு ஒருமுறை பதிந்தால் நாளுக்கு 24 பதிவு. கால் மணிக்கு ஒன்றென்றால் 96. பேட்டரி அந்த வேகத்தில் கரையும். ஊர் எல்லையை நெருங்கும்போது மட்டும் அடிக்கடி பதிவதே என் கணிப்பில் சரி.

செயற்கைக்கோள் தொடர்பு அறுந்தால் காலரின் ரேடியோ சிக்னல் வரும் திசையைக் காட்டும் கை ஆன்டெனாதான் துணை. பாறைச் சரிவில் சிக்னல் எதிரொலித்துப் பொய்த் திசை காட்டும். ஆகவே இரண்டு இடங்களில் திசை எடுத்தபின், மூன்றாவது இடத்திலும் எடுத்தே தீர வேண்டும். வளரும் இளம் ஆண் யானைக்குப் பட்டை இறுகும். கழுத்துப் புண்ணைத் தொலைநோக்கியில் தவறாமல் பார்க்கும் ஆள், வனத்துறையின் ஒவ்வொரு கண்காணிப்புக் குழுவிலும் வேண்டும்.

வாசகர், கம்பம்