ஞாயிற்றுக்கிழமையைக் கடைகளுக்குக் கொடுத்துவிடாதீர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வெளிநாட்டுப் பயணம் பற்றி உங்கள் பத்திரிகையில் வருகிற கட்டுரைகள் பெரும்பாலும் கோடைகாலத்தை நினைத்தே எழுதப்படுகின்றன. ஆனால் திருகோணமலையிலிருந்து லண்டனில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற எங்களில் பலர் புறப்படுவது மார்கழியில்தான். இங்கே அப்போது மழைக்காலம், கடலும் கொந்தளிப்பு, நிலாவெளி உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்களை நம்பி இருக்கிறவர்களுக்கும் வேலை குறைவு. அங்கே நத்தாரை ஒட்டிப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் லீவு கிடைக்கும். ஆகவே குளிர்காலப் பயணத்தைப் பற்றியும் யாராவது எழுதத்தானே வேண்டும்?

போய் இறங்கினால் கிழமை நாட்களில் மகளும் மருமகனும் வேலைக்கு, பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு. எல்லோரும் சேர்ந்து வெளியே போக ஞாயிறுதான் மிஞ்சும். அந்த ஒரு நாளையும் ஊரிலிருந்து வந்த சாமான் பட்டியலோடு பெரிய கடைத்தொகுதிக்குள் போய்க் கழித்துவிடுகிறோம், அதுதான் எனக்கு மனவருத்தம். வயதான அப்பா அம்மா சப்பாத்துக் கடை வாங்கிலில் பைகளைக் காவல் காத்துக்கொண்டு இருப்பதைப் பார்த்தால் இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கணக்கைப் பாருங்கள். மார்கழி நடுப்பகுதியில் லண்டனில் விடியக் காலை 8 மணியாகும், பின்னேரம் 4 மணிக்கு முன்பே சூரியன் விழுந்துவிடும். ஞாயிறில் பெரிய கடைகள் நினைத்தபடி திறக்கவும் முடியாது. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி 280 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடை காலை 10 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில் தொடர்ச்சியாக 6 மணித்தியாலம் மட்டுமே வியாபாரம் செய்யலாம், அதனால் பல கடைகள் 11 முதல் 5 வரை அல்லது 12 முதல் 6 வரை. அதாவது கடை திறந்திருக்கிற நேரத்துக்குள்ளேயே மிச்ச வெளிச்சமும் போய்விடும். கடைக்குள் போய்விட்டால் வெளியே வரும்போது ஊர் இருட்டு. சட்டம் சின்னக் கடைகளைக் கட்டுப்படுத்தாது, ஆகவே ஈஸ்ட்ஹாமிலோ டூட்டிங்கிலோ எங்கள் ஆட்களுடைய கடையில் மரக்கறி, மீன் வாங்க ஞாயிறு இரவும் போகலாம்.

பெரிய கடைகளைக் கிழமை நாட்களின் பின்னேரத்துக்கு வையுங்கள். பிள்ளைகள் வேலை முடிந்து வரும்போது எப்படியும் இருட்டிவிடும், நகர நடுவில் நிறையக் கடைகள் இரவு 8 மணி வரையாவது திறந்திருக்கும். சந்தை பார்க்க ஆசை என்றால் அதற்கு ஞாயிறு காலை நல்லது. கொலம்பியா ரோட் பூச்சந்தை ஞாயிறில் மட்டும்தான் கூடும், பெற்றிகோட் லேனும் ஞாயிறு காலையில்தான் களைகட்டும். இரண்டும் பின்னேரத்துக்கு முன்பே கலைந்துவிடும், அதனால் வெள்ளனப் போய்விட்டு நேரே பிரித்தானிய அருங்காட்சியகத்துக்குப் போகலாம். உள்ளே நுழையக் காசு இல்லை, குளிருக்கும் இதம். அங்கே 33ஆம் கூடத்தில் பௌத்தர்கள் வணங்கும் தாராதேவியின் சிலை ஒன்று நிற்கிறது. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பொன்முலாம் பூசிய வெண்கலம், கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கள் கரையில் கண்டெடுக்கப்பட்டு, வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கையின் தேசாதிபதியாக இருந்த பிரவுன்றிக் மூலம் 1830இல் அங்கே போய்ச் சேர்ந்தது. எங்கள் மண்ணில் கிடைத்த பொருளைப் பார்க்காமல் சொக்கலேற்றோடு திரும்பி வருவது சரியா? பேரப்பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள், அம்மம்மாவின் ஊர்ப்பக்கத்துச் சிலை என்று சொன்னால் பிள்ளைகள் வேறு மாதிரிப் பார்ப்பார்கள்.

போக முன் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். நத்தார் அன்று, 25ஆம் திகதி, பஸ்ஸும் இல்லை, நிலத்தடி ரயிலும் இல்லை, அன்றைக்கு வீட்டில்தான். அருங்காட்சியகம் 24 முதல் 26 வரை பூட்டு. பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள், ஓய்ஸ்டர் அட்டையோ (முன்கூட்டியே காசு போட்டு வைக்கிற லண்டன் பயண அட்டை) வங்கி அட்டையோ வேண்டும். ஒரே அட்டையைக் காட்டினால் ஒரு மணித்தியாலத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரு கட்டணம்தான். வாங்கின பொருளுக்கு விமானநிலையத்தில் வற் வரியைத் திருப்பி எடுக்கலாம் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள், பிரித்தானியா அந்த ஏற்பாட்டை 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. உடுப்பைப் பொறுத்தவரை ஒரு தடித்த கோட்டை மட்டும் நம்பாமல் மெல்லிய உடுப்புகளை அடுக்கிப் போடுங்கள், கடைக்குள்ளும் ரயிலுக்குள்ளும் வியர்க்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். காலுக்குக் கம்பளி மேஸ் கட்டாயம்.

ஊரில் இருந்து பட்டியல் அனுப்புகிற சொந்தக்காரரிடமும் ஒன்று கேட்கிறேன். பெட்டி நிறையச் சாமான் கேட்காதீர்கள். அதில் பாதி கொழும்பிலேயே கிடைக்கும், அதைத் தேடித்தான் அவர்களுடைய ஞாயிறு போகிறது.

ஆசிரியர் அவர்களே, இது லண்டனுக்கு மட்டும் எழுதியது. ஜெர்மனியில் ஞாயிறில் கடைகள் பெரும்பாலும் பூட்டியே இருக்கும், பாரிஸ், ரொறன்ரோ நிலைமை வேறு. அங்கெல்லாம் இருக்கிற வாசகர்களிடம் கேட்டு, கார்த்திகை மாதத்திலேயே ஒரு பக்கம் போட்டால் டிக்கெட் எடுத்துவிட்டுக் காத்திருக்கிற பெற்றோருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகி,
திருகோணமலை