தென்முடியில் ஒளிந்திருக்கும் விண்மீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் விண்வெளிப் பக்கம், வெடித்த பெரு விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சமான நியூத்திரன் விண்மீன்களைப் பற்றி, அவை வானொலி அலைகளைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புவதைச் சொன்னதோடு முடித்துவிட்டது வருத்தமளிக்கிறது. துணை விண்மீனின்றி, வானொலித் துடிப்பும் காட்டாமல், தம் சூட்டினால் மட்டுமே எக்ஸ் கதிரில் ஒளிர்பவையும் உண்டு. எக்ஸ் கதிரை நோக்கிய ரோசாட் செய்மதி கண்டெடுத்த அத்தகைய ஏழில் முதலாவது 1996இல் அறிவிக்கப்பட்டது. அது தென்முடி என்னும் விண்மீன் கூட்டத்தின் திசையில் இருக்கிறது; தூரம் சுமார் 400 ஒளியாண்டு. இத்தகைய விண்மீனில், சூரியனை மிஞ்சும் திணிவு மட்டக்களப்பு நகருக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் இடைப்பட்ட, இருபது சொச்சம் கிலோமீற்றர் தூரத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது!

எக்ஸ் கதிரை நம் வளிமண்டலம் விழுங்கிவிடும். அதனால்தான் 1999இல் ஏவப்பட்ட சந்திரா, எக்ஸ்.எம்.எம்.-நியூட்டன் தொலைகாட்டிகள் விண்ணிலிருந்து அந்த விண்மீனைப் பார்க்கின்றன. வெப்பநிலையும் தூரமும் தெரிந்தால் ஆரையை மதிப்பிடலாம். ஆரை தெரிந்தால், எந்த ஆய்வுகூடத்திலும் உருவாக்க முடியாத அந்த அடர்ந்த பொருளின் இயல்பை ஊகிக்கலாம்.

ஆடி மாத இரவொன்றில் கல்லடிக் கடற்கரையில் மாணவர்களுக்குத் தேள் விண்மீன் கூட்டத்தின் வாலுக்குக் கிழக்கே தென்முடியைக் காட்டினேன். ஈர மணலில் அந்த வளைவைக் குச்சியால் கீறிய மாணவி, "அது இதற்குள்ளா இருக்கிறது, சேர்?" என்று கேட்டாள். தமிழில் வாசிக்க ஏதாவது தரும்படியும் கேட்டாள். கொடுக்க என்னிடம் ஒரு தாளும் இருக்கவில்லை. தாங்கள் ஒரு முழுக் கட்டுரை வெளியிட்டால் வெட்டி எடுத்து அவளிடம் கொடுப்பேன்.

பௌதிகவியல் ஆசிரியர்,
கல்லடி, மட்டக்களப்பு