எந்தக் கதவைத் தட்டுவது?

மாண்புமிகு அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வெள்ளத்தில் அழியும் அலாஸ்காவின் பழங்குடி ஊர்களை இடம் மாற்றுவது பற்றி ஆங்கிலத்தில் மூன்று தடவை எழுதிவிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று கணினி தானே தட்டிவிட்ட பதில். அதனால் நாலாவதைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் படிக்கப்போவதில்லை என்ற அளவில் அந்த மூன்றுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் இந்த நாட்டில் வரி கட்டி, ஓட்டுப் போடுகிற தமிழர்கள் நாலு பேராவது படித்து, அவரவர் தொகுதிப் பிரதிநிதியைக் கேட்பார்கள் என்று ஒரு நப்பாசை.

நான் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். பழங்குடி ஊர்களின் சார்பாகப் பேச எனக்கு உரிமை கிடையாது. அவர்களே நன்றாகப் பேசுகிறார்கள், பல வருடமாக, உங்கள் குழுக்களின் முன்னால் வந்து உட்கார்ந்தே பேசுகிறார்கள். நான் பார்த்த ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

2025 அக்டோபரில் ஹாலோங் புயலின் மிச்சம் பேரிங் கடல் கரையில் செய்ததை நீங்கள் அறிவீர்கள். கிப்னக், குவிகில்லிங்கோக் என்ற பழங்குடி ஊர்களில் வீடுகள் ஆட்களோடு மிதந்து போன இரவைப் பற்றி உங்களில் சிலர் இரங்கல் அறிக்கையும் விட்டீர்கள். 1,500 பேருக்கு மேல் ஊரை விட்டு வந்தார்கள். ஹெலிகாப்டரிலும் ராணுவ விமானத்திலும் ஏற்றி, நூற்றுக்கணக்கானோரை எங்கள் நகரத்தில் இறக்கினார்கள். ஊருக்கு ஊர் சாலை கிடையாது. படகு, பனிவண்டி, சின்ன விமானம், இவைதான் போக்குவரத்து. அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவர்களுக்கு விளையாட்டரங்கில் வரிசையாகக் கட்டில் போட்டிருந்தது.

அங்கே படிவம் நிரப்பிக் கொடுக்கும் வேலைக்குப் போயிருந்தேன். எந்த அலுவலகத்தின் படிவம் என்பது இப்போது வேண்டாம். யூப்பிக் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பாட்டி, கூடவே பேத்தி. பாட்டி யூப்பிக்கில் சொல்ல, பேத்தி ஆங்கிலத்தில் சொல்ல, நான் எழுதினேன். இழந்த பொருள்கள் என்று ஒரு பட்டியல். ஃப்ரீசர் என்ற இடத்துக்கு வந்தோம். எண்ணிக்கை: ஒன்று. வாங்கிய வருடம், விலை. எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினார். பேத்தி சொன்னாள்: "உள்ளே இருந்ததை எங்கே எழுதுவீர்கள் என்று கேட்கிறார்."

எழுத இடம் இல்லை.

உள்ளே இருந்தது அந்த வீட்டின் மொத்தக் குளிர்காலம். மகன்கள் வேட்டையாடிய மூஸ் மான். வசந்தத்தில் பிடித்த சீல், அதிலிருந்து வடித்த எண்ணெய். கோடையில் கிடைத்த கொஞ்சம் சால்மன். ஆகஸ்டில் பேத்திகளோடு சதுப்பில் குனிந்து குனிந்து பறித்த பெர்ரி. அதைக் கொழுப்போடு பிசைந்தால் அகுதக், விருந்தாளிக்கு முதலில் வைக்கிற பண்டம். அக்டோபர் மாதம் என்பது எல்லாம் சேர்ந்து பெட்டி நிரம்பியிருக்கும் மாதம். வெள்ளம் அந்த மாதம் பார்த்து வந்தது.

சரி, ஓரத்தில் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். விலை என்ன போடுவது? அலாஸ்காவில் வேட்டையாடிய மூஸ் இறைச்சியை விற்பது சட்டப்படி குற்றம். விற்க முடியாத பொருளுக்குச் சந்தை விலை கிடையாது. சந்தை விலை இல்லாததற்கு உங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது. எத்தனையோ வருடமாகக் கணக்கு எழுதுகிறேன், ஒரு சொத்தின் எதிரே பூஜ்யம் போடக் கூசியது அன்றைக்குத்தான். எங்கள் ஊர்ப் பக்கம் குதிர் நிறைய நெல்லோடு ஒரு வீடு அடித்துக்கொண்டு போனால், "மண் குதிர், ஒன்று" என்று எந்தக் கிராம நிர்வாக அலுவலரும் எழுதிக்கொண்டு போக முடியாது. போனால் ஊர் விடாது. அந்தப் பாட்டி சண்டை போடவில்லை. கடைசியில் "குயானா" என்றார். நன்றி என்று பொருள். எதற்கு நன்றி சொன்னார் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்தப் படிவத்தைத் திருத்தச் சொல்லி எழுத வரவில்லை. அதைத் திருத்துவது யார் என்று தேடப்போய்த்தான் இந்தக் கடிதம் நீண்டது. வெள்ளத்துக்குப் பிறகு ஓர் அலுவலகம், வெள்ளம் வருமுன் கரை கட்ட வேறோர் அலுவலகம், வீட்டுக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று, விமான ஓடுதளத்துக்கு ஒன்று. ஊரையே மேட்டுக்கு மாற்ற வேண்டும் என்றால்? அதற்கு மட்டும் யாரும் இல்லை. என் வேண்டுகோள் இது ஒன்றுதான்: ஊர்களை இடம் மாற்றும் வேலைக்கு ஓர் அலுவலகத்தைப் பொறுப்பாக்கிச் சட்டம் போடுங்கள், அதற்கென்று நிதி ஒதுக்குங்கள்.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த குறை இல்லை. உங்களுக்காகவே வேலை செய்யும் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2003-லேயே சொல்லிவிட்டது: அலாஸ்காவின் 213 பழங்குடி ஊர்களில் 184-ஐ வெள்ளமோ அரிப்போ தொடுகிறது என்று. 2009-ல் 31 ஊர்களுக்கு ஆபத்து வாசலில் நிற்கிறது என்றது. இடமாற்றத்துக்குத் தலைமை ஏற்க ஒரு மத்திய அமைப்பு இல்லை என்பதையும் சொன்னது. 2022-ல் மறுபடி வந்து, 70-க்கும் மேற்பட்ட ஊர்கள் கடும் ஆபத்தில் உள்ளன என்றது. தணிக்கை அறிக்கையில் ஒரே குறை மூன்று முறை வந்தால் என் தொழிலில் வேலை போய்விடும். உங்கள் தொழில் வேறு போலிருக்கிறது.

நியூடோக் என்ற யூப்பிக் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். யூப்பிக் மக்கள் பருவத்துக்குப் பருவம் இடம் மாறி வாழ்ந்தவர்கள். மீனுக்கு ஒரு முகாம், குளிருக்கு ஓர் இடம். 1949-ல் நியூடோக்கில் ஊர் அமைந்ததற்குக் காரணம், பள்ளிக்கூடச் சாமான்களை ஏற்றிய தட்டைப்படகு ஆற்றில் அதற்கு மேல் போகாது என்பதுதான். படகு நின்ற இடத்தில் ஊர் நின்றது. கீழே இருந்தது உறைமண். அது உருக உருக நிங்லிக் ஆறு கரையைத் தின்றது. 1994-ல் அந்த ஊர்க்காரர்களே இடம் மாறத் திட்டமிட ஆரம்பித்தார்கள். நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ள நீங்கள் 2003-ல் சம்மதித்தீர்கள். முதல் குடும்பங்கள் போனது 2019-ல். கடைசிக் குடும்பங்கள் 2024-ல். முந்நூற்றுச் சொச்சம் பேர் ஒன்பது மைல் தள்ளிப் போக முப்பது வருடம். புது ஊரின் பெயர் மெர்டார்விக். ஊற்றில் தண்ணீர் எடுக்கும் இடம் என்று அர்த்தம். அங்கே போய்ச் சேர்ந்த பெரும்பாலான வீடுகளில் குழாய்த் தண்ணீர் இல்லை, கழிப்பறைக்கு வாளி. அந்த வாளிக்கு இங்கே "தேன் வாளி" என்று பெயர். யார் வைத்தார்களோ, நல்ல மனசு.

கேட்டால் செலவு-பயன் கணக்கு என்பார்கள். ஒரு டாலர் போட்டால் ஒரு டாலருக்குக் குறையாத சொத்து காப்பாற்றப்பட வேண்டும். ஐம்பது அறுபது வீடு உள்ள ஊர் எந்தக் காலத்தில் அந்தக் கணக்கில் தேறும்? கடலோர மாளிகைகள் தேறும். விலை போடாத ஃப்ரீசர்கள் தேறாது.

கிப்னக்குக்கு ஆற்றங்கரை அரிப்பைத் தடுக்க 20 மில்லியன் டாலர் ஒதுக்கியிருந்தார்கள். 2025 மே மாதம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அதை ரத்து செய்தது. பணம் இருந்திருந்தாலும் ஐந்து மாதத்தில் கரை எழும்பியிருக்காது. அது எனக்கும் தெரியும், பழி போட வரவில்லை. வெள்ளத்துக்குப் பிறகு அதே முகமை சொன்ன சமாதானம்தான் தொண்டையில் நிற்கிறது. ரத்து செய்ததால்தான் அந்தப் பணம் குஸ்கோக்விம் ஆற்றில் அடித்துப் போகாமல் கருவூலத்தில் பத்திரமாக இருக்கிறதாம். பணம் பத்திரம், கேட்க சந்தோஷம். ஆனால் கிப்னக் இருப்பது குஸ்கோக்விம் கரையில் இல்லை ஐயா, குக்காக்ட்லிக் கரையில். எந்த ஆறு என்று ஒருமுறை வரைபடத்தைப் பார்த்துவிட்டாவது பேசியிருக்கலாம்.

இப்படித்தான் 2022-ல் மெர்பாக் புயலுக்குப் பிறகும் நடந்தது. நிவாரணம் பெறுவது எப்படி என்பதைப் பழங்குடி மொழிகளில் தருகிறோம் என்று மத்திய பேரிடர் முகமை ஒரு நிறுவனத்துக்குக் காசு கொடுத்தது. வந்த காகிதத்தைப் படித்த யூப்பிக் மக்கள் திகைத்துப் போனார்கள். "நாளை அதிகாலையில் அவன் வேட்டைக்குப் போவான், ஒன்றும் கொண்டுவர மாட்டான்" என்று ஒரு வரி. "உன் கணவன் ஒரு பனிக்கரடி, ஒல்லியானது" என்று இன்னொன்று. ரஷ்யப் பக்கத்து யூப்பிக்கில் 1940-களில் பதிவான வாக்கியங்களைப் பொறுக்கி ஒட்டியிருக்கிறார்கள். வேறொரு காகிதம் கனடாவின் இனுக்டிடுட் மொழியில் இருந்தது. தாய்மொழி பேசியதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிய தலைமுறை இன்னும் அந்த ஊர்களில் உயிரோடு இருக்கிறது. அவர்களுக்கு அரசு தாய்மொழியில் எழுதிய கடிதத்தின் லட்சணம் இது.

மீனைப் பற்றியும் பேசினால் பொழுது விடிந்துவிடும். சால்மன் குறைந்துவிட்டது, பிடிக்காதே என்று யூகான் ஆற்றங்கரைக் குடும்பங்களிடம் சொல்கிறீர்கள். 2024-ல் கனடாவோடு ஒப்பந்தம் போட்டு சினூக் வகைக்கு ஏழு வருடத் தடை. மக்கள் வலையைச் சுருட்டி வைத்தார்கள். வெளியே பேரிங் கடலில் பொல்லாக் மீனுக்கு இழுவலை போடும் கப்பல்களில் மட்டும் சால்மன் தற்செயலாக மாட்டிக்கொண்டே இருக்கிறது. தற்செயலுக்கு என்ன தடை போட முடியும், இல்லையா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். உங்களில் பலர் இந்த ஊர்களுக்காக வாதாடியவர்கள். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தில் பழங்குடி ஊர்களின் குடிநீர், கழிவுநீர் வேலைக்கு 3.5 பில்லியன் டாலர் ஒதுக்கியதும் இதே அவைகள்தான். முடியாதவர்களிடம் நான் கேட்கவில்லை.

பணிவோடு மறுபடி கேட்கிறேன். இடமாற்றத்துக்கு ஓர் அலுவலகம், அதற்கு ஒரு நிதி, அந்த நிதிக்குச் செலவு-பயன் கணக்கிலிருந்து விலக்கு. கிப்னக்கும் குவிகில்லிங்கோக்கும் இருந்த இடத்திலேயே திரும்பக் கட்டுவதா, மேட்டுக்குப் போவதா என்பதை அந்த ஊர்களே தீர்மானிக்கட்டும். தீர்மானித்த பிறகு அவர்கள் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொல்லுங்கள். கருவூலத்தில் பத்திரமாக இருக்கும் அந்த 20 மில்லியனை முதல் தவணையாக வைத்துக்கொள்ளலாம்.

பதிலை ஆங்கிலத்திலேயே அனுப்பலாம். யூப்பிக்கில் அனுப்புவதாக இருந்தால், தயவுசெய்து முதலில் ஊர்க்காரர் யாரிடமாவது ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆங்கரேஜிலிருந்து ஒரு தமிழ் வாக்காளன்