மிட்ஸ்கெட்டாவின் மறுகரை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஜார்ஜியா பயணக் கட்டுரையை ஆவலோடு படித்தேன். மிட்ஸ்கெட்டாவை அழகான தேவாலய ஊர் என்று ஒரே வரியில் கடந்துவிட்டதுதான் மனசுக்கு ஒப்பவில்லை. என் மகள் திபிலீசியில் மருத்துவம் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது அந்த ஊருக்கும் போய்வந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

அரக்வி, குரா ஆறுகள் கூடும் இடத்தில் இருக்கும் இந்த ஊர்தான், தலைநகரம் திபிலீசிக்கு மாறும் முன் பல நூற்றாண்டுகள் ஐபீரியா என்ற பழைய ஜார்ஜிய அரசின் தலைநகர். நான்காம் நூற்றாண்டில் மிரியான் மன்னர் கிறிஸ்தவரானது, பதினோராம் நூற்றாண்டில் எழுந்த ஸ்வெட்டிட்ஸ்கோவெலி பேராலயம் இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். அதற்கு முந்தைய கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. அது குராவின் மறுகரையில், அர்மாஸி கோட்டை இருந்த மேட்டில் கிடக்கிறது.

கி.பி. 75இல் ரோமப் பேரரசர் வெஸ்பாசியன், ஐபீரிய மன்னர் மித்ரதாத்துக்காக இங்கே மதிலைப் பலப்படுத்திக் கொடுத்தார். அதைச் சொல்லும் கிரேக்கக் கல்வெட்டு 1867இல் கிடைத்தது. என்னை உலுக்கியது இன்னொரு கல். 1940இல் அகழாய்வில் வந்த அந்தக் கல்லறைக் கல்லில் மேலே கிரேக்கம், கீழே அரமேயம் என்ற பழைய மேற்காசிய மொழியின் எழுத்து. செராபிட் என்ற பெண்ணுக்கு வைத்தது. யார் மகள், யார் மனைவி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இருபத்தொரு வயதில் இறந்தாள், அவள் அழகுக்கு ஈடே இல்லை என்று முடிகிறது. பெண்ணைப் பெற்றவன் இதைப் படித்துவிட்டுச் சும்மா கடந்து போக முடியுமா?

ரோமத் தளபதி பொம்பேயின் பெயரால் சொல்லப்படும் பழைய பாலமும் இங்கே இருந்தது. 1927இல் தொடங்கிய நீர்மின் நிலையத்துக்காக ஆற்றைத் தேக்கியபோது அது மூழ்கிப்போனது. மின்சாரம் வேண்டியதுதான், ஆனாலும் எவ்வளவு பெரிய விலை!

செராபிட்டின் கல் இப்போது திபிலீசியில், ஜார்ஜிய தேசிய அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த நகரத்தில் படிக்கிறார்கள். அவர்களும், பார்க்கப் போகும் பெற்றோரும் தெரிந்துகொள்ளும்படி அர்மாஸி பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். இரண்டு பக்கம் ஒதுக்கினாலும் போதும்.

அன்புடன்,
ஒரு வாசகர், ஈரோடு